திட்டு விழாத மூன்று நாள்

பெட்டியில் தலையணை இல்லை. இல்லை என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு நன்றாகவே தெரியும். கிளம்புகிற அவசரத்தில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அதை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்ததே அவர்தான்.

கடலோர விடுதியின் மாடி அறையில், ஜன்னலோரம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில், மனைவி பெட்டியைத் துழாவுவதை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத் தலையணை இல்லாவிட்டால் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கழுத்து பிடிக்காத நாளிலேயே அவளுடைய கோபம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

"என் தலையணையைக் காணோமே?"

"அடடா, நான்தான் எடுத்து வைக்கிறேன்னு சொன்னேன். மறந்தே போச்சு!" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றும் வந்து விழவில்லை.

"பரவாயில்லைங்க. ஒரு துண்டைச் சுருட்டி வெச்சுக்கிறேன். நீங்க முதல்ல உட்காருங்க, பெட்டியெல்லாம் தூக்கிக் களைச்சுப் போயிருப்பீங்க."

மெக்கானிக் கண்ணைத் திறந்து பார்த்தார். அறை அதே அறைதான். கட்டிலில் குப்புறப் படுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தது அவருடைய மகள்தான். மனைவியும் பார்ப்பதற்கு அசல் மனைவியாகத்தான் இருந்தாள். 'களைச்சுப் போயிருப்பீங்க' என்ற சொல்தான் யார் வீட்டுச் சொல்லோ தெரியவில்லை.

இதில் அவருடைய தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு லிஃப்டைப் பொருத்தினால், ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் அதில் இரும்பு எடைகளை அடுக்கி, வேண்டுமென்றே வேகமாக இறக்குவார்கள். பாதுகாப்புப் பிடி கிறீச்சென்று கவ்வி, லிஃப்ட் பாதி வழியில் நிற்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கும்வரை மெக்கானிக் மாடிப்படியில்தான் ஏறுவார். கேட்ட பிறகு அதே லிஃப்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவார்.

குடும்பத்தோடு முதன்முதலாக இந்த விடுதிக்கு வந்தபோது, மனைவி மூன்று நாள் பேசாமல் இருந்து நான்காம் நாள் வெடித்தாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம் அவளுக்கு. வருஷம் முழுக்க ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துப் பழகிய கண், லீவு விட்டால் எங்கே போகும்? புருஷன்மேல் வந்து நிற்கும். அந்த மூன்று நாளும் 'எப்போது வெடிக்குமோ' என்று மெக்கானிக் செத்துப் பிழைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து தொழில்முறையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முதல் நாளே, தானே ஒரு தப்பைத் தயார்செய்து அவள் கண்ணில் படும்படி வைத்துவிடுவார். சோதனை எடை. அவள் அரைமணி நேரம் பிடிபிடியென்று பிடிப்பாள். கிறீச். அதற்கப்புறம்தான் மெக்கானிக்குக்குப் பசியே எடுக்கும். மிச்ச நாள் கடல், காற்று, தூக்கம்.

பத்து வருஷமாகப் பிசகாத முறை. இந்த வருஷம் எடை ஏற்றியும் பிடி கவ்வவில்லை.

"எடை பத்தலை போல," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

விடுதி மேனேஜர் தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு ரத்தக் கொதிப்பு. அதை அளக்கிற சின்ன மிஷினை டெலிபோனுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். சோதனை எடை விஷயத்தில் மெக்கானிக்குக்கு இத்தனை வருஷமும் துணை அவர்தான். அறையில் பல்பைக் கழற்றி வையுங்கள், குழாயை ஒழுக விடுங்கள் என்று என்ன கேட்டாலும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாதி சொல்வதற்குள் தலையாட்டிவிடுவார். தன் பேச்சு சாமர்த்தியம் அப்படி என்று மெக்கானிக்குக்கு உள்ளூரப் பெருமை.

இந்தத் தடவை மேனேஜர் தலையாட்டாமல் முகத்தையே பார்த்தார்.

"சார், அம்மா சௌக்கியமா இருக்காங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்."

"எங்களுக்கு அந்த அறை வேண்டாம். உங்க விடுதியிலேயே இருக்கறதுல மோசமான அறை எது?"

"கீழே, சலவை மிஷினுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு சார். அதை யாருக்கும் குடுக்கறதில்ல."

"அதைக் குடுங்க. ஏதோ தப்பு நடந்துபோச்சு, மாடி அறை வேற யாருக்கோ போயிடுச்சுன்னு சொல்லுங்க."

பெட்டிகளை மறுபடி கட்டி மறுபடி தூக்கியதில் மெக்கானிக்குக்கு இடுப்பு விட்டுப்போனது. புது அறையில் ஜன்னலைத் திறந்தால் ஈரப் படுக்கை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை மிஷின் தடதடவென்று சுழன்று, மேசைமேல் வைத்த தண்ணீர்த் தம்ளர் தானாக நகர்ந்தது.

"கடல் எங்கப்பா?" என்று மகள் அழாத குறையாகக் கேட்டாள்.

மனைவி தம்ளரைப் பிடித்து நிறுத்தினாள். மூக்கு விடைத்தது. மெக்கானிக் ஆவலோடு காத்திருந்தார்.

"கூட்டம் ஜாஸ்தி போல. பாவம், அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க?" என்றாள் மனைவி. "தொட்டில் ஆட்டற மாதிரி இருக்கு. அப்பா நல்லாத் தூங்குவாங்க."

அவர் தூங்கவில்லை. தூங்கியிருந்தாலும் அந்த மிஷின் எழுப்பியிருக்கும்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததுதான் அவரை நிஜமாகவே பயமுறுத்தியது. சுவரில் விருந்தாளிகளுக்கு ஓர் அறிவிப்புப் பலகை. நாலே வரி. மெக்கானிக்கே மூன்று பிழை கண்டுபிடித்துவிட்டார். வழக்கமாக இந்த மாதிரிப் பலகையைப் பார்த்தால் மனைவி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாள். ஒரு தடவை தெரியாத ஊரில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியே திருத்தியிருக்கிறாள்.

"அதைப் பார்த்தியா? மூணு தப்பு!" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அவள் பலகையைப் பார்த்தாள். கைப்பைப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"படிச்சா புரியுதில்ல? அது போதும்."

சொல்லிக்கொண்டே, அவர் எடுக்கப் போன உப்பு டப்பாவை மெல்ல நகர்த்தி அடுத்த மேசையில் வைத்தாள். "உப்பு வேண்டாங்க. எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்."

கை கழுவ அவள் எழுந்து போனதும் மெக்கானிக் மகளிடம் குனிந்தார்.

"அம்மாவுக்கு என்னடா ஆச்சு?"

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எனக்கென்ன தெரியும்? கிளம்பறதுக்கு முந்தின நாள் தனியா டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாங்க. என்னன்னு கேட்டேன், உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேருந்து இப்படித்தான். என்னைக்கூடத் திட்டறதில்ல. எனக்கே பயமா இருக்குப்பா."

நாற்காலியில் மாட்டியிருந்த மனைவியின் கைப்பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு பழுப்பு உறையின் முனை. மெக்கானிக் கையை நீட்டுவதற்குள் அவள் திரும்பி வந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது என்னம்மா உறை?"

"ஒண்ணுமில்ல, அச்சக வேலை. நீங்க சாப்பிடுங்க."

உப்பில்லாத உருளைக்கிழங்கை அவர் தட்டோடு தள்ளி வைத்தார். தீராத வியாதிக்காரர்கள் கடைசி நாட்களில் இப்படித்தான் எல்லாரையும் மன்னித்துவிடுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பதினேழு வருஷம் திட்டு வாங்கிய மனுஷன், ஒரே ஒரு திட்டுக்காக அன்று முழுவதும் ஏங்கினார். 'அவள் கோபப்பட்டால் போதும், ஒன்றுமில்லை என்று அர்த்தம்' என்று முடிவு செய்தார். இனி சின்ன எடைகள் உதவாது. இருப்பதிலேயே பெரியதை ஏற்ற வேண்டியதுதான்.

விடுதிக்கு எதிரே இருக்கும் சின்னத் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அதன் உச்சியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது மனைவிக்குப் பல வருஷத்து ஆசை. ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் காய்ச்சல் என்று ஒவ்வொரு தடவையும் தட்டிப்போனது. அந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரே நாள், ஒரே படகு. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு. பத்து மணிக்கு என்று மெக்கானிக் துணிந்து பொய் சொன்னார்.

மனைவி தலையை அழுத்தி வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, துண்டில் படுத்துத் திரும்பாத கழுத்தோடு துறைக்கு வந்தாள். படகு தூரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது.

"ஒன்பது மணிப் படகு போயாச்சே," என்றார் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர். "இனி அடுத்த வாரம்தான்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் உதடு துடித்தது. கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டாள்.

"போகட்டும்," என்றாள். "எல்லாத்தையும் பார்த்துட்டா போகப் போறோம்?"

அவ்வளவுதான். விடுதிவரை அவர் நடந்து வந்ததே பெரிய காரியம். முன்கூடத்துச் சோபாவில் தொப்பென்று விழுந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

"டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்? மறைக்காம சொல்லும்மா! நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

"நான் எங்கே போறேன்?"

"உனக்கு என்ன வியாதி? எதுக்கு என்னைத் திட்ட மாட்டேங்கறே?"

மனைவியின் கைப்பை மேசையில் போய் விழுந்தது. மேனேஜரின் பேனா ஸ்டாண்ட் சாய்ந்தது.

"எனக்கென்ன கேடு? வியாதி உங்களுக்குய்யா! கம்பெனியில உடம்பைப் பரிசோதிச்சாங்களே, அந்த ரிப்போர்ட் வீட்டுக்கு வந்துச்சு. பிரஷர் நூத்தி அறுபத்தெட்டு! டாக்டர்கிட்ட எடுத்துட்டு ஓடினா, 'உங்க குரல் வெளியிலேயே கேக்குதும்மா. வீட்டுக்காரரைப் பதற வைக்காதீங்க'ன்னு எனக்குப் புத்தி சொல்லி அனுப்பறார்! இவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு மூணு நாளா நான் வாயைத் திறக்கலை. மூணு நாள்! தலையணை இல்லாம கழுத்து இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. அந்தச் சலவை மிஷின்ல என்னைப் போட்டுத் துவைச்ச மாதிரி இருக்கு. அந்தப் போர்டுல மூணா தப்பு? அஞ்சு! கண்ணு எங்கே வெச்சிருக்கீங்க? ஒன்பது மணிப் படகைப் பத்து மணின்னு சொல்ற மனுஷன் லிஃப்டை எப்படிப் பொருத்தறீங்க?"

கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா வந்துட்டாங்க!" என்று கை தட்டினாள்.

மெக்கானிக் கண்ணீரைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் காதில் தேனாகப் பாய்ந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. இன்னும் நாற்பது வருஷம் இருந்து இப்படியே திட்டுவாள். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த பசி திடீரென்று வயிற்றைக் கிள்ளியது.

"சாப்பிட ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மனைவிக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, கத்திட்டேனே! அந்தப் பிரஷர் மிஷினை எடுங்க, சீக்கிரம்!"

மேனேஜர் ஓடி வந்து மெக்கானிக்கின் கையில் பட்டையைச் சுற்றினார். மிஷின் புஸ்ஸென்று ஊதி, தளர்ந்து, எண்ணைக் காட்டியது. நூற்று இருபத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்கள். நூற்று இருபத்தாறு.

மனைவி எண்ணைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "மாடி அறை இப்ப காலியா இருக்கா?" என்று மேனேஜரை ஓர் அதட்டல் போட்டுவிட்டு, சாவியைப் பிடுங்கிக்கொண்டு மகளோடு பெட்டிகளை எடுக்கப் போனாள். நிம்மதியில் அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

அவள் தலை மறைந்ததும் மெக்கானிக் மேனேஜர் பக்கம் சாய்ந்து கண்ணடித்தார்.

"பார்த்தீங்களா? பத்து வருஷமா இவளை நான் சமாளிக்கிற வித்தை இது. முதல் நாளே ஒரு தப்பை வெச்சுக் கத்த விட்டுடணும். இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு இது தெரியாது."

மேனேஜர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"இந்த வருஷம் அம்மா போன் பண்ணலையேன்னு நான் பயந்தே போயிட்டேன் சார். மத்த வருஷமெல்லாம் முந்தின நாளே கூப்பிட்டு, 'அவர் வந்து எதையாவது கெடுத்து வைக்கச் சொல்வார், தட்டாம செஞ்சு குடுங்க. நான் ஒரு மூச்சு கத்தலைன்னா பாவம், அவருக்கு லீவுல சாப்பாடே இறங்காது'ன்னு சொல்லிடுவாங்க."