பஞ்சு கற்றுக்கொண்ட வேலை

பல் டாக்டரம்மாவின் செருப்பைப் பஞ்சுவின் மூக்குக்கு நேரே நீட்டியபடி மண்டி போட்டிருந்தார் நாய் வாத்தியார். பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெயர்தான் பஞ்சு. ஆள் கன்னங்கரேலென்று கன்றுக்குட்டி பருமன்.

"வாரா வாரம் ஒரு செருப்பு காணாம போகுது. அதுவும் சரியா நாங்க வெளிய கிளம்புற நேரம் பாத்து. எங்க கொண்டுபோய்ப் புதைக்குதுன்னே தெரியல," என்றார் டாக்டரம்மா. "இப்ப பாருங்க, ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது."

"நான் இருக்கேன்ல, அதான் நடிக்குது மேடம். அது தப்பு பண்ணினாத்தான் நான் திருத்த முடியும்."

'நாய் வாத்தியார்' என்பது மச்சான் வைத்த பெயர். மனைவியின் அண்ணன், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அந்தக் கடைக் கல்லாவிலிருந்து எழுந்து, "இனி நாய்தான் என் தொழில்" என்று இவர் சொன்னபோது கடையே சிரித்தது. "போயிட்டு வாங்க மாப்ள. மாசக் கடைசி வரைக்கும் உங்க நாற்காலியில வேற ஆளை உக்கார வைக்கல," என்றார் மச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டரம்மாதான் முதல் வாடிக்கையாளர். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நாய். டாக்டரம்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாத்தியார் பிழைத்தார். இல்லையென்றால் அந்த நாற்காலிதான்.

பஞ்சு நடிப்பதை நிறுத்தவில்லை. வாத்தியாரே அதன் வாயைத் திறந்து செருப்பைச் செருகினார். "விடு" என்றார். அது அருவருப்போடு துப்பியது. உடனே ஒரு பிஸ்கட். மறுபடி செருகினார்; துப்பியது; பிஸ்கட். சாயங்காலத்துக்குள் செருப்பைத் தானே கவ்வி, "விடு" என்றதும் போட்டது.

"பரவாயில்லையே," என்றார் டாக்டரம்மா. மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த அவருடைய மாமனார், பேப்பரை இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"சார், பஞ்சு வீட்ல இருக்கிற செருப்பை எல்லாம் கொண்டுவந்து என் முன்னாடி போடுது. போட்டுட்டு என் கையையே பாக்குது."

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பை விட்டால்தானே பிஸ்கட்? விடுவதற்கு முதலில் எடுக்க வேண்டுமே. இது அவர் பார்த்த வீடியோ எதிலும் வரவில்லை.

"பழக்கம் மாறுற கட்டம் மேடம். கண்டுக்காம விடுங்க."

கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இந்தச் செருப்புகளின் தரம் போதவில்லை போலிருக்கிறது என்று பஞ்சு நினைத்துக்கொண்டது. வீட்டின் முன்பக்கம்தான் டாக்டரம்மாவின் கிளினிக். நோயாளிகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த ஒருவர் தன் வெறுங்காலைக் காட்டி ஏதோ சொன்னார். வாய் மரத்துப்போயிருந்ததால் யாருக்கும் புரியவில்லை. அன்று பார்க்கப் போன வாத்தியாருடைய ஷூவும் ஒன்று போனது.

"இன்னொரு ஷூ எங்க?" என்றாள் மனைவி.

"வேலையில இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் போன் பண்ணினாரு. நான் எடுக்கல," என்றாள். அதுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மறுநாள் புதுத் திட்டத்தோடு போனார். எடுத்த செருப்பைக் கிளினிக் வாசலில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் பிஸ்கட். பஞ்சு கெட்டிக்கார நாய், அரை நாளில் பிடித்துக்கொண்டது. பிறகு தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை. எல்லாருடைய செருப்பும் கிளினிக் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பல்வலியோடு வந்தவர்கள் அந்தக் குவியலைப் பார்த்து, "அம்மாடி, உள்ள இவ்வளவு கூட்டமா?" என்று கன்னத்தைப் பிடித்தபடியே திரும்பிப் போனார்கள். உள்ளே டாக்டரம்மா தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்து அவர் வெளியே வந்தபோது, தெருக்காரர்கள் வெறுங்காலோடு கேட்டருகே நின்றிருந்தார்கள். வாத்தியாருக்கு முகம் எரிந்தது. தலையைத் தூக்க முடியவில்லை.

"மேடம், எனக்கு இந்த வேலை தெரியாது. போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். உங்க நாயைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எல்லாருக்கும் அவங்கவங்க செருப்பை எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொடுத்து முடித்துப் படியில் உட்கார்ந்தார் வாத்தியார். பஞ்சு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது. கடைசி பிஸ்கட்டை அதற்குக் கொடுத்தார். போனை எடுத்து மச்சான் நம்பரைத் தேடினார். என்ன சொல்வது? நாற்காலி காலியாத்தானே இருக்கு மச்சான் என்பதா?

"கொஞ்சம் அந்தப் போனை உள்ள வைங்க தம்பி."

டாக்டரம்மாவின் மாமனார். கையில் ஒரு பழைய துணிப்பை. வீட்டுக்குள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பையை வாத்தியார் மடியில் வைத்தார். பிரித்தால் உள்ளே எல்லாம் ஒற்றைச் செருப்பு. எதிலும் ஒரு பல் தடம்கூட இல்லை.

"காணாமப் போனதெல்லாமா? எங்க சார் புதைச்சு வச்சிருந்துச்சு?"

பெரியவர் அவர் முகத்தைப் பார்க்காமல் பஞ்சுவின் தலையைத் தடவினார்.

"லீவு நாள்ல மகனும் மருமகளும் என்னைத் தனியா விட்டுட்டுக் கிளம்பக் கூடாதுன்னு நான்தான் தம்பி ஒளிச்சு வச்சேன். வேலை தெரியாதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, நீங்க வந்து கத்துக்கொடுக்கிற வரைக்கும் இந்த நாய் ஒரு செருப்பைக்கூட வாயால தொட்டதில்ல."