இறந்த தேதி இல்லாதவர்கள்

தெமோதரை மேல் தோட்டம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

என் அன்புக்குரிய மருமகன் கெவினுக்கு, உன் மாமா இராயப்பன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

நானும் உன் அத்தை றோசாலியும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்காக நீ கம்ப்யூட்டரில் போட்டுத் தந்த அட்டவணைப்படி நாங்கள் இருவரும் காலமாகிவிட்டபடியால், சுகத்தைப் பற்றி நான் எழுதுவது பொருத்தமா என்று தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் மீட்டிங் முடியும்வரை காத்திருக்கும்.

நடந்ததைக் கேள். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஒரு கிழமை, ஏழு நாளும், உட்கார்ந்து எல்லாருடைய பெயரையும் ஒற்றை விரலால் அடித்தேன். "இறந்த தேதி" என்று நீ வைத்த கட்டத்தைக் காலியாக விட்டேன். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு அதில் என்னத்தைப் போடுவது? நீயோ அந்தத் தேதி இன்றைக்கு முந்தியதென்றால் "காலமானார்" என்று போடும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கிறாய். கம்ப்யூட்டருக்குக் காலி என்றால் பூச்சியமாம், பூச்சியம் என்றால் ஆயிரத்துத் தொளாயிரமாம் ஆண்டாம். இதைத் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் தனுஜா எனக்கு விளங்கப்படுத்தினாள். ஆகவே நான் முதலில் செத்து, அதற்குப் பிறகு பிறந்து, கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, இப்போது உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அந்தக் காலிக் கட்டக்காரர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் அது தற்செயலாக உண்மை சொல்லியிருந்தது. அது நம்ம அழகர் அண்ணனின் மனைவி லெட்சுமி மதினி. மதினி போய் மூன்று வருசமாகிறது. தேதி கேட்டுப் போகும்போதெல்லாம் அண்ணன் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தேயிலை மலைப் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் வற்புறுத்தவில்லை.

என் கெட்ட காலம், அட்டவணையை ஒழுங்காகப் பார்க்காமலேயே சங்கத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால் முதல் ஆள் அழகர். சின்னப் போனில் முதல் வரிதானே கண்ணில் படும். அண்ணனுக்குக் குடலில் கட்டி, வருகிற வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருப்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விசயம், அன்று காலையும் கிளினிக்குக்குத்தான் போயிருந்தார், அதனால் யாரும் ஏன் எப்படி என்று கேட்கவே இல்லை, சங்கத்தில் கொடிக்கும் உட்காரும் கதிரைக்கும் பொறுப்பான தினேஸ் சந்தியிலிருந்து லயத்து வீடுகள் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டி முடித்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கிய அண்ணன் கொடிகளைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுத் துக்கமோ என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கொடிகளின் பின்னாலேயே நடந்து தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார். அங்கே உன் அத்தைதான் ஒப்பாரிக்குத் தலைமை. அண்ணனைக் கண்டதும் பாட்டைப் பாதியில் விட மனமில்லாமல் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம் மாப்பிள்ளை. ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலையில போயிட்டுத் திரும்பி வாறதுக்குள்ள செத்துப்போயிருக்கேன். இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் கணக்கப்பிள்ளை? நான் ஆபரேசனுக்குப் போகல."

மனுசர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அட்டவணையைத் திருத்திக் காட்டினால் மனம் மாறுவார் என்று நானே கையை வைத்தேன். தேதிக் கட்டத்தில் "இல்லை" என்று அடித்தேன். "காலமானார்" போய், அந்த இடத்தில் வேலி வேலியாக ஏதோ பிழைக் குறிகள் வந்து நின்றன. சரி, தூரத்தில் ஒரு தேதி போட்டால் முந்தியது ஆகாதே என்று எல்லாருக்கும் இரண்டாயிரத்து ஐம்பது என்று போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவ்வளவுதான், வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தினேஸுக்கு அது போதாதாம், இப்போதுதான் கல்யாணமே பேசுகிறார்களாம். அடுத்த லயத்துச் சுஜீவாவோ, தனக்கும் புருசனுக்கும் ஒரே நாளைப் போட்டது எந்த நியாயம், அன்றைக்கும் இந்த மனுசனோடுதான் போகவேண்டுமா என்று சண்டைக்கு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அழித்தேன். திரும்பவும் எல்லாரும் காலமானார்கள்.

மாப்பிள்ளை, நான் முப்பது வருசம், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டவன். கூப்பிட்டுச் சத்தம் வராவிட்டால் ஆள் இன்னும் வரவில்லை என்றுதான் வைப்போமே தவிர, செத்துப்போனான் என்று எழுதமாட்டோம். இந்தச் சின்ன மரியாதையை உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடு. கட்டம் காலியா என்று முதலில் பார்க்கட்டும், காலி என்றால் "உயிருடன்" என்று போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளட்டும். தேதி என்று ஒன்று இருந்தால் மட்டும் அதற்கு மேலே யோசிக்கட்டும். இதை எப்படி அடிப்பது என்று மறு தபாலிலேயே எழுது. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

என் தங்கச்சிக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, எங்கள் விசாரிப்பைச் சொல். சுகத்தையும் நல்ல புத்தியையும் நேரத்துக்குச் சாப்பாட்டையும் மாதா உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன்னால் காலஞ்சென்ற மாமா,
இராயப்பன்.

பி.கு. (அடுத்த ஞாயிறு): மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அத்தை, "வியாழக்கிழமைக்குள்ள கொழும்புல இருக்கிற அவனுக்குப் போயி பதிலும் வந்துருமா?" என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனுஜாவிடம் ஓடி, பெரட்டுக் கதையைச் சொன்னேன். அவள் காலியா என்று முதலில் கேட்கும்படி ஒரே வரியில் மாற்றிவிட்டாள். எல்லாரும் உயிரோடு எழுந்தார்கள். போனைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். தன் வரியைப் பார்த்தார். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். "லெட்சுமி - உயிருடன்" என்று இருந்தது. தேதியைச் சொல்லுங்கள், இப்போதே திருத்திவிடுகிறேன் என்றேன்.

"அது அப்படியே கெடக்கட்டும் தம்பி," என்றார். "அவ இருக்கானு போட்டிருக்குல்ல. நான் போயிட்டு வந்துர்றேன்."

வியாழக்கிழமை போனார். கட்டியை எடுத்துவிட்டார்கள். நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், உப்புப் போதவில்லை என்று உன் அத்தையிடம் குறையும் சொன்னார். ஆகவே நீ எதையும் திருத்த வேண்டாம், அந்த ஒரு வரியில் கையே வைக்காதே. இன்றைய சங்கக் கூட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை ஒன்று கூடுதலாகத்தான் வந்தது. தினேஸும் அந்தக் கணக்குப்படியே ஒரு கதிரை கூடப் போட்டான், அதை எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் சொல்லவில்லை.