அலமாரிக்குள் ஒரு பாட்டு

எங்கள் வீட்டுக் காலி அறை மாமியார் கைக்குப் போகக் கூடாது. இதுதான் நான் எடுத்த மாபெரும் முடிவு. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து என் சவுண்ட் மிக்ஸர், மைக், ஒயர் மூட்டை எல்லாவற்றையும் அந்த அறைக்குள் இறக்கினேன். பேக்கரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினேன். கதவில் 'ஸ்டுடியோ' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவன். சவுண்ட் என்ஜினியர் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஊர் மைக்செட்காரர் என்று சொல்லும். என் மனைவி இரண்டும் சொல்ல மாட்டாள். "ஏங்க" என்பாள். அந்த ஒரு "ஏங்க"வில் அவள் காட்டுகிற ஏற்ற இறக்கத்தை எந்த மிக்ஸராலும் கொண்டுவர முடியாது.

"ஏங்க, இது என்ன?"

"ஸ்டுடியோ."

"எனக்கு என்னவோ கோழிப்பண்ணை மாதிரி தெரியுது."

"முட்டை அட்டை ஒட்டினா சத்தம் அடங்கும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"அம்மாவுக்கு இந்த ரூமைக் குடுக்கலாம்னு பேசினோமே?"

"நீ பேசின. நான் தலையாட்டினேன்."

"தலையாட்டினா சரின்னுதானே அர்த்தம்?"

"அப்ப பாட்டு ஓடிட்டிருந்தது. தாளத்துக்கு ஆட்டினேன்."

வேறு யாராவது என்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். அவள் கோபிக்கவே இல்லை. அதுதான் ஆபத்து.

"சரி. எதிர் வீட்டுப் பாட்டு டீச்சர் ஒரு போட்டிக்குப் பாட்டு பதிவு பண்ணி அனுப்பணும்னு அலையறாங்க. இன்னிக்கு சாயங்காலம்தான் கடைசி. நீங்களே எடுத்துக் குடுங்க. பாட்டு நல்லா வந்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா அம்மாவுக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மழையும் காற்றுமாக அடித்த மைதானத்தில் ஒற்றை வயலினைக் கடைசி வரிசைக்குக் கேட்க வைத்தவன் நான். ஒரு குரலைப் பதிவு பண்ணுவது எம்மாத்திரம்?

டீச்சர் வந்தார். பாடினார். போட்டுக் காட்டினேன்.

"சார், பாத்ரூம்ல பாடின மாதிரி இருக்கே?"

மிக்ஸரில் ஒரு குமிழைத் திருகினேன். "இப்ப?"

"இப்ப பாத்ரூம் கதவைச் சாத்திட்டுப் பாடின மாதிரி இருக்கு."

இருக்கிற குமிழையெல்லாம் திருகிப் பார்த்தேன். டீச்சர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. மாமியாரின் கட்டிலை நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசல் நுழைவது கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் என் மனைவி உள்ளே வந்தாள். அறை நடுவில் நின்று ஒரே ஒரு தரம் கை தட்டினாள். 'டப்' என்று போன சத்தம் 'டப்பப்பப்' என்று திரும்பி வந்தது.

"சுவர் திருப்பி அடிக்குதுங்க."

"அதுக்குத்தானே முட்டை அட்டை?"

"அது முட்டை உடையாம இருக்கறதுக்கு. சத்தத்தை அடக்க கனமா, மெத்துனு ஏதாவது வேணும்."

அவள் கை தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்தாள். பின்னால் டீச்சர், அதற்குப் பின்னால் நான், கையில் மைக். கூடத்தில் 'டப்ப்'. சமையலறையில் 'டங்'. படுக்கையறைக்குப் போய்த் தன் பெரிய துணி அலமாரியைத் திறந்தாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக் கை தட்டினாள். சத்தம் வெளியே வரவே இல்லை. துணிகள் அதை அப்படியே விழுங்கிவிட்டன.

"டீச்சர், இங்க நின்னு துணியைப் பார்த்துப் பாடுங்க. ஏங்க, அவங்க முதுகுக்குப் பின்னாடி இந்தக் கம்பளியைத் தொங்க விடுங்க. மைக்கை நேரா வாய்க்கு முன்னாடி வைக்காதீங்க, கொஞ்சம் ஓரமா வைங்க. 'ப' வர்ற இடமெல்லாம் காத்து அடிக்குது."

ஐயோ, மேடைக்கு மேடை பாடகர்களுக்கு நான் சொல்லும் பாடம் அது! பதற்றத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது.

"இருங்க. ஒரு 'ம்ம்ம்' கேக்குது."

"ஒண்ணும் கேக்கலையே?"

"நீங்க ஸ்பீக்கர் பக்கத்துலயே குடும்பம் நடத்தினவர். உங்களுக்குக் கேக்காது."

நேரே போய் ஃப்ரிட்ஜை அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியானது. அந்த 'ம்ம்ம்' நின்ற பிறகுதான் அது இத்தனை நாள் இருந்ததே எனக்குத் தெரிந்தது. அத்தோடு விட்டாளா? வீட்டுச் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துட்டா பால் கெட்டுடும். சாவி உள்ள இருந்தா, வெளிய கிளம்பும்போது திறந்துதானே ஆகணும்?"

இந்த மூளையோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் என்னையே கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

டீச்சர் பாடினார். ஹெட்போனில் கேட்டேன். கூடத்திலும் மேடையிலும் எத்தனையோ குரல் கேட்டவன் நான். இப்படிக் கேட்டதில்லை. மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிவது கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மட்டும் பாடுவது போல இருந்தது. என்னை அறியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், இது நான்தானா?" என்றார் டீச்சர். நேரத்துக்குள் பாட்டை அனுப்பிவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

பாட்டு பிரமாதமாக வந்துவிட்டது. பேசினபடி அறை எனக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிரமிப்பு யாரை விட்டது?

"நீ மனுஷியே இல்ல! இவ்வளவு நாள் எங்கிட்ட ஏன் சொல்லல? இனிமே இந்த அலமாரிதான் என் ஸ்டுடியோ!"

"அப்ப அந்த ரூம்?"

"அது ரூமா? தகர டப்பா! அதுல எவனாவது பாடுவானா?"

"பாட வேண்டாம். படுத்துக்கலாமா?"

"தாராளமா படுத்துக்கலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஜெயித்த அறையை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். பேச்சை மாற்றலாம் என்று திரும்பினால், அவள் காதில் போன்.

"அம்மா, ஆமாம்மா, அவர் வாயாலயே சொல்லிட்டாரு. சரி, காலைல ஏறின பஸ் இப்ப எங்க வந்துட்டிருக்கு?"