மூன்று எழுத்து இல்லாமல் பனியன் விற்றவர்

திருப்பூரில் மின்வெட்டுக்குப் பயப்படாத ஒலிபெருக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் மைக் அண்ணாச்சி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரிந்ததாகவும் தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையிலேயே 'திரு. மைக் அண்ணாச்சி குடும்பத்தார்' என்றுதான் எழுதியிருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். குடியிருந்தது லைன் வீட்டில். ஒரே ஓட்டுக்கூரை, வரிசையாக வாசல்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் அடுத்த வாசல் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கமிருந்து மனைவி மாரியக்காவோடு பிழைக்க வந்தவர். ஏற்றுமதியில் மிஞ்சிய உருப்படிகளை விற்கும் பாய் ஒருவரின் கடைக்கு விளம்பரக்காரர். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் மைக்கோடு அண்ணாச்சி, முன் சீட்டில் டிரைவர் பழனிச்சாமி.

"பனியன்! பனியன்! பனியன்! வாங்கம்மா, வாங்கய்யா, வந்து பாருங்க!" என்று அவர் ஆரம்பித்தால் மங்கலம் ரோட்டில் தறி ஓட்டுகிறவர்கள்கூடத் தறியை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். அவர் மனைவியிடம் ரகசியம் பேசினால் கடைசி வாசலிலிருந்து அபிப்பிராயம் வரும். பழனிச்சாமியோ உலகத்தின் எந்தக் கேள்விக்கும் "ஆமாங்க", "இல்லீங்க" என்று இரண்டே பதில் வைத்திருந்தவர். ஏன் என்று கேட்டேன். "மிச்சத்தை அண்ணாச்சி பேசிர்றாருங்க" என்றார்.

தீபாவளி சீசன் தொடங்கும் நேரத்தில் ஒரு காலை. குழாயடியில் அண்ணாச்சி வாய் கொப்பளித்தார். தண்ணீர் நேராகப் போகாமல் வாயின் இடது ஓரமாகப் பீய்ச்சி, கொடியில் காய்ந்த என் சட்டையில் விழுந்தது. நான் முறைத்தேன். அவர் பதிலுக்குச் சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் மட்டும்தான் வந்தது. இடது பக்கம் அசையவே இல்லை.

"காலங்காத்தால அந்தத் தம்பிக்குப் பழிப்புக் காட்டுதீகளா?" என்று மாரியக்கா அதட்டினார்.

'மாரி' என்று சொல்ல அண்ணாச்சி வாயெடுத்தார். 'ஆரி' என்று வந்தது. என் பக்கம் திரும்பி "தஃபி, தண்ணி நிக்கல" என்றார். மாரியக்காவின் கையிலிருந்த குடம் அப்படியே கீழே விழுந்தது. பக்கவாதம் என்ற சொல் வாசலுக்கு வாசல் ஓடியது. ஒருவர் ஆட்டோவில் அடித்த எதிர்காற்று என்றார். இன்னொருவர் இத்தனை வருடம் பேசியதில் தாடை தேய்ந்துவிட்டது என்றார். பழனிச்சாமி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கிளப்பினார்; மாரியக்காவும் நானும் ஏறிக்கொண்டோம். ஸ்பீக்கரோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த முதல் நோயாளி அண்ணாச்சியாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா நிதானமானவர். "புருவத்தைத் தூக்குங்க" என்றார். வலது புருவம் மட்டும் ஏறியது. கண்ணை மூடச் சொன்னார். இடது கண் மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க, இது பக்கவாதம் இல்லீங்க. மூளையில கோளாறுன்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். உங்களுக்கு நெத்தியும் சுருங்கல. மூளை உத்தரவு போடுதுங்க. அந்த உத்தரவை முகத்துக்குக் கொண்டு வர்ற நரம்பு, காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு குறுகலான வழியில வரணும். அங்க வீங்கி நசுங்கிக் கெடக்குது. தசை நல்லாத்தான் இருக்குது, உத்தரவுதான் வந்து சேரல."

"மோட்டார் நல்லாருக்குது, ஒயர்ல கரண்டு வரல. அப்படித்தானுங்க?" என்றார் பழனிச்சாமி. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

அண்ணாச்சி தன் நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினார். "நாக்கு?"

"நாக்குக்கு வேற நரம்புங்க."

"தொண்டை?"

"அதுக்கும் வேற."

"அந்த ரெண்டு லைன் சரியா இருக்குல்லா?"

"அருமையா இருக்குதுங்க. இதுவும் பெரும்பாலானவங்களுக்குத் திரும்பி வந்திரும். எப்பன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"சரி, நாளைக்கே ஆட்டோல ஏறுதேன்" என்று எழுந்துவிட்டார் அண்ணாச்சி. மாத்திரைச் சீட்டை மாரியக்காதான் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஏறினார். மூடாத கண்ணில் தூசி விழாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. பார்ப்பதற்கு ஏதோ கட்சித் தலைவர் வாக்குக் கேட்டு வருவது போலிருந்தது. மைக்கைப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஃபனியன்!" என்றார். உதடு ஒட்டாத ஓரத்தில் பாதிக் காற்று தப்பித்துப்போய், இரண்டு ஸ்பீக்கரிலும் லாரி டயர் பஞ்சரான சத்தம் கேட்டது. மறுபடி முயன்றார். மறுபடி பஞ்சர். டீக்கடையில் நின்ற பையன்கள், "அண்ணாச்சிக்கு டியூப் மாத்தோணும்டா!" என்று சிரித்தார்கள். கடையே சிரித்தது. பழனிச்சாமி கேட்காமலேயே வண்டியைத் திருப்பினார்.

பாய் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகிவிட்டது. "உடம்பைப் பாருங்க அண்ணாச்சி. சம்பளம் எங்கயும் போயிராது. இந்த சீசனுக்கு மட்டும் சிடி போட்டுக்கலாம். கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு அழகாப் பேசிக் குடுத்திருக்குது" என்றார். திட்டியிருந்தால் அண்ணாச்சி திருப்பித் திட்டியிருப்பார். அன்புக்கு என்ன பதில் சொல்வது?

அன்று மாலை அவர் வீட்டில் சத்தமே இல்லை. லைன் வீட்டில் யாரிடமோ டிக் டிக் என்று அடிக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாரியக்கா என் வாசலுக்கு வந்தார். "தம்பி, இவுக பேசாம இருந்தா வீடே வேத்து வீடு மாதிரி இருக்கு. நீங்களாச்சும் போயி ஏதாவது வம்பு இழுங்களேன். என்னைத் திட்டவாவது செய்யட்டும்" என்றார். நான் போனேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வம்பிழுக்காமலேயே திரும்பி வந்தேன்.

விடிந்ததும் என் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கையில் முகம் மழிக்கும் கண்ணாடியோடு அண்ணாச்சி நின்றார். கண்ணாடியைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆரம்பித்தார். "க, ங, ச, ஞ, ட, ண, த, ந!" ஒவ்வொன்றும் கோயில் மணி. அடுத்து 'ப' வந்தது. வெறும் காற்று. 'ம' மூக்கோடு நின்றது. "ய, ர, ல!" கணீர். 'வ' ஒழுகியது. "ழ, ள, ற, ன!" மறுபடி மணி.

மூன்று விரலைக் காட்டினார். போனது மூன்றே மூன்று எழுத்து.

"கண்டியா ராசா? நாக்கு தொட்டுச் சொன்னா நிக்குது. உதடு சேரச் சொன்னா ஓடுது. சரக்கு நெறைய கெடக்கு, கெட்டது கொஞ்சந்தான்!"

'தம்பி'யில் இரண்டு கெட்ட எழுத்து இருந்ததால் எனக்கு 'ராசா' பட்டம் கிடைத்திருந்தது. மாரியக்கா 'ஏட்டி' ஆகியிருந்தார். அதில் அவருக்கு ஏகக் கோபம்.

வேலைக்குப் போகும் முன் உட்கார்ந்து விளம்பரத்தை மாற்றி எழுதினோம். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வியாபாரம், விலை, ரூபாய், பணம், மலிவு, தள்ளுபடி, இலவசம் என்று எதைத் தொட்டாலும் உதடு குறுக்கே வந்தது. வணிகம் முழுக்க உதட்டில்தான் நடக்கிறது போலும். நான் பேனாவை மூடினேன்.

"காசு இருக்குல்லா? சலுகை இருக்குல்லா? எழுது!" என்றார் அண்ணாச்சி.

"தீபாவளிக்கு என்ன பண்றது?"

"எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள்!"

"ஜட்டி?"

அண்ணாச்சியின் பாதி முகம் பிரகாசமானது. "ஜட்டி ஜட்டிதான்!" என்று முழுத் தொண்டையில் கத்தினார். ஒரு பழுதும் இல்லாமல் வந்த சந்தோஷத்தில் இன்னும் நாலைந்து முறை கத்தினார். எதிர் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பனியன்?" என்றேன்.

அதற்கு மட்டும் நெடுநேரம் யோசித்தார். டீ ஆறியது. கடைசியில், "சட்டைக்குள்ளே இடுற சட்டை" என்றார்.

அண்ணாச்சி எங்களையும் கூட்டிக்கொண்டு பாய் முன்னால் போய் நின்றார். "ஒரே ஒரு நாள் தாங்க. சரியா இல்லைன்னா அந்த சிடி ஓடட்டு." பாய் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். மாரியக்கா கைகூப்பி நின்றார். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார் பாய்.

ஞாயிறன்று சம்பளம் வாங்கிய கூட்டம் கடைத்தெருவில் நெரிந்தது. ஆட்டோ நின்றது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"அண்ணே! அக்கா! தங்கச்சி! நில்லுங்க! சட்டைக்குள்ளே இடுற சட்டை! கையில்லா சட்டை! காட்டன் சட்டை! இன்னைக்கு ஒரு நாள்தான்!"

பஞ்சர் இல்லை. பழைய குரல், பழைய கணீர். ஆனால் கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரே பனியன் தைக்கிறது, இதென்ன புதுச் சரக்கு என்று ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்ற ஒரு அம்மாள், "ஏனுங்க, சட்டைக்குள்ள இடற சட்டைன்னா என்னதுங்க?" என்று கேட்டார்.

அண்ணாச்சி ஒன்றை எடுத்து விரித்து உயரத் தூக்கினார்.

"அட, இது பனியனுங்களே!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"என்ன? காது கேக்கலை! இன்னொரு தரஞ் சொல்லுங்க!"

"பனியன்!" என்றது கூட்டம்.

"எந்த ஊரு?"

"திருப்பூரு!"

"என்ன நாளு நெருங்குது?"

"தீபாவளி!"

அவரிடம் இல்லாத எழுத்தையெல்லாம் கூட்டம் கொடுத்தது. அந்த டீக்கடைப் பையன்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள். அண்ணாச்சி கேள்வி கேட்பதும் ஜனம் பதில் சொல்வதுமாகத் தெரு அதிர்ந்தது. பாய் கல்லாவை விட்டு வாசலுக்கு ஓடிவந்தார். "அண்ணாச்சி, கூட்டத்தையே உங்களுக்கு வேலை பார்க்க வெச்சுட்டீங்களே! அந்தப் பொண்ணு இதைச் செய்யுமா?" என்றார். கோயமுத்தூர் சிடியைப் பழனிச்சாமி வாங்கி, ஆட்டோவின் பின்னால் பளபளப்புக்காகத் தொங்கவிட்டார்.

அதோடு விட்டுவிடும் ஆளில்லை அண்ணாச்சி. போன நரம்பைத் திரும்ப வரவழைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னபடி தினமும் கண்ணாடி முன் நின்று, விரலால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, உதட்டைக் குவிப்பார், விரிப்பார், பலூன் ஊதுவார். விடிகாலையில் லைன் வீட்டில் சேவல் கூவுவதற்கு முன்னால் "ஃப், ஃப், ஃப்" என்று கேட்கும். தீபாவளி போயிற்று. கார்த்திகையும் போயிற்று. இடது பக்கம் அசைவேனா என்றது. "இந்த லைன் ஒரு நத்தை. நான் ஆறுதலா நிக்கிறேன்" என்பார், கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே. ஆறுதலாக நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. சில நாள் கண்ணாடியை வைக்கும் சத்தம் பலமாகக் கேட்கும்.

தை பிறந்த சமயம். மாரியக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "மாரி, என் சட்டை எங்க?" என்று குரல் வந்தது.

"கொடியிலதான் கெடக்கு" என்றவர், அப்படியே நின்றார். அரிசியெல்லாம் தண்ணீரோடு கொட்டியது. "என்ன சொன்னீக?"

"மாரி."

"இன்னொருக்கா."

"மாரி! மாரி! மாரி!"

லைன் வீட்டில் எல்லா வாசலும் திறந்துகொண்டது. மாரியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி சரி, ஊருக்கே கேக்குது, மெதுவா" என்றார்.

ஆனால் திரும்பி வந்த நரம்பு சும்மா வரவில்லை. ப, ம, வ சொல்லும்போதெல்லாம் இடது கண் தானாக மூடித் திறந்தது. டாக்டரம்மா, "நரம்பு புதுசா வளர்றப்ப சில இழை தடம் மாறிப் போயிருதுங்க. வாய்க்கு வர்ற உத்தரவு கண்ணுக்கும் போகுது" என்றார். "கனெக்சனை மாத்திக் குடுத்துட்டாங்க" என்றார் பழனிச்சாமி. அதன்பின், "வாங்கம்மா, பனியன் வாங்கம்மா" என்று அண்ணாச்சி அழைத்தால் ஒவ்வொரு அம்மாவுக்கும் நாலைந்து கண்ணடி. ஒருநாள் ஒரு கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆட்டோவுக்கே வந்துவிட்டார். மாரியக்கா நடுவில் புகுந்து, "அது நரம்புய்யா! ஆளு அப்பிராணி!" என்று காப்பாற்றினார். அதையும் சரிசெய்தே தீருவேன் என்று அண்ணாச்சி மறுபடி கண்ணாடியை எடுத்தார்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. நான் யாரிடமும் நேரம் சொல்லாமல் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மழை தூறியது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"பயணிகள் கவனத்துக்கு! நம்ம தம்பி பத்திரிகை வேலைக்கு மெட்ராஸ் போறாரு! பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கவுக பாத்துக்கிடுங்க! பையன் பசி தாங்க மாட்டான்! தூங்கினா தலையை இடிச்சுக்கிடுவான்!"

பஸ் ஸ்டாண்டு முழுக்க என்னைத் தேடியது. நான் சீட்டுக்கு அடியில் போகப் பார்த்தேன். பஸ் கிளம்பியது. ஆட்டோ வாசலிலேயே நின்றது. குரல் மட்டும் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

"கண்ணாடியை மூடுங்க தம்பி, சாரல் அடிக்குதுங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "எங்க அண்ணாச்சி இன்னும் பேசி முடிக்கலைங்க."