அறிவிப்புப் பலகையில் இன்ஸ்பெக்டர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மகனுக்குப் பெண் கொடுக்க இருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகளும் நலம். என் இடது காது மட்டும் அவ்வளவு நலமில்லை. அங்கு நீங்கள், சம்பந்தி அம்மா, மாப்பிள்ளை மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. புகாரை வாபஸ் வாங்காவிட்டால் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள், போலீஸ் மேல் புகார் என்றால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் நடந்ததை யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள், என் வாயாலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஸ்டேஷனிலிருந்து எனக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று, தலைமறைவாக இருக்கும் திருடனின் படத்தை அறிவிப்புப் பலகைக்குப் பெரிதாக்குவது. இன்னொன்று, தலைமை அலுவலகத்தில் 'சிறந்த அதிகாரிகள்' வரிசையில் மாட்ட இன்ஸ்பெக்டரின் படத்துக்குச் சட்டம் போடுவது. இரண்டும் ஒரே அளவு, இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. அன்றைக்குத்தான் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தேன், கவர்களும் மாறிவிட்டன. ஒட்டிய கான்ஸ்டபிளாவது பார்த்து ஒட்டியிருக்கலாம், அவர் கவர் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் ஸ்டேஷனுக்குப் பதினொரு போன். அதில் ஒருவர், "சார், இந்த ஆள் தினமும் போலீஸ் ஜீப்லயே சுத்துறான், என்ன தைரியம் பாருங்க!" என்று துப்புக் கொடுத்திருக்கிறார். தலைமை அலுவலகத்திலோ உயர் அதிகாரி திருடன் படத்துக்கு முன்னால் நின்று, "முகத்துலயே நேர்மை தெரியுது" என்றாராம்.

தப்பு என்னுடையது. இரண்டு படத்தையும் புதிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு நானே ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒரு அறை, முதுகில் லத்தியால் இரண்டு அடி, பிறகு சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்துவிட்டார். அடி வலித்தது, சம்பந்தி. அதைவிட, என் கடையில் குடும்பப் படம் எடுத்துக்கொண்ட ஒருவர் அங்கே வந்து, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாரே, அது அதிகமாக வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதும் வெட்கத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். என் மனைவி விடுவாளா? "எந்த பாத்ரூம்ல அஞ்சு விரல் இருக்கு? போலீஸ் அடிச்சதுன்னு அப்படியே எழுதுங்க டாக்டர்" என்றாள். டாக்டர் காதையும் சோதித்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் காயங்களை அவளே படம் எடுத்தாள். நான் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த வக்கீலம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அடி வாங்கினது யாருங்க? இதுல புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கீங்களே!" இருபத்தாறு வருடமாக ஊரார் முகத்துப் பருவையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்த கை, என்னைக் கேட்காமலே அந்த ஐந்து விரலையும் துடைத்திருக்கிறது! நல்லவேளை, கேமரா கார்டில் அசல் அப்படியே இருந்தது. "ஆதாரத்தை அழகுபடுத்தாதீங்க, கார்டைப் பத்திரமா வைங்க" என்று திட்டிவிட்டு, இன்ஸ்பெக்டரின் மேலதிகாரிக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று என்று இரண்டு புகார் எழுதித் தந்தார். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் நேராக மாஜிஸ்திரேட்டிடமே போகலாமாம். "கவர் மாறினதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சு இல்ல? முடிஞ்சது. அடிக்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடம் கிடையாது" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறே இறங்கியது.

உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டினேன். "நீங்க வாபஸ் வாங்கினா நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். வாங்கலேன்னா அவங்க பண்ணிக்க மாட்டாங்க. எப்படியும் உங்களுக்கு அலைச்சல் மிச்சம்ப்பா" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே சம்பந்தி, கை கூப்பிச் சொல்கிறேன், நான் வாபஸ் வாங்குவதாக இல்லை. உங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை. இந்தச் சம்பந்தம் போனால் நான் குலுங்கிக் குலுங்கி அழுவேன். அழுதுகொண்டே விசாரணைக்குப் போவேன். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு (இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்) என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
ஸ்டுடியோக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கவரை ஒட்டப் போகும்போது நீங்களே பையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நின்றீர்கள். கல்யாணம் நின்றது என்று நேரில் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். நீங்களோ, "என்ன சம்பந்தி, உட்கார்ந்து லெட்டரா எழுதிட்டிருக்கீங்க? ஸ்டேஷன் கேமரா பதிவு முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். அடி விழுந்து இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள். எழுந்திருங்க, அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஆணையத்துல எழுதிக் கொடுத்துட்டு வருவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். முத்திரை குத்திய ரசீதும் வாங்கி வந்துவிட்டோம். இப்போது நீங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், என் மகள் ஓடி ஓடிப் பரிமாறுகிறாள். கடிதத்தைக் கிழிக்க மனமில்லை, உங்கள் பையிலேயே வைக்கிறேன், சம்பந்தி அம்மாவிடம் காட்டுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன், அதைக் கேட்டுத்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்: "சர்வீஸ்ல நான் ரெண்டு பேரை அடிச்சிருக்கேன் சம்பந்தி. முதல் ஆள் உங்களை மாதிரி புகார் கொடுத்திருந்தா, ரெண்டாவது ஆளை அடிச்சிருக்க மாட்டேன்."