நாலரைப் பேருக்கான தண்ணீர்

கேத்தலின் அடியில் கட்டியாக ஒட்டிக்கிடந்த வெள்ளைச் சுண்ணாம்பைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பொருட்களை ஒளித்துவைப்பார்கள். கோழிக்கூட்டுக்கு சோலர் லைட் பூட்டியவன் நான். சாமத்திலும் கூவத் தொடங்கிய அந்தச் சேவலை ஊர் நிம்மதிக்காக அறுத்துக் கறியாக்க வேண்டி வந்தது.

ஏறாவூரில் எங்கள் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் வன்மை கூடிய தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது. தலை முழுகினால் முடி தும்புக்கட்டை மாதிரி நிற்கும். வாப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய வோஷிங் மெஷின் உள்ளுக்குள் சுண்ணாம்பு கட்டியே மௌத்தாகிப்போனது. இதற்கெல்லாம் ஒரே மருந்து சொஃப்ட்னர் என்று அறிவித்தேன்.

"பில்டரா மனே?" என்றார் உம்மா.

"பில்டர் இல்ல உம்மா. சொஃப்ட்னர்."

"ஓம், அந்தப் பில்டர்தான்."

அதற்குள் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு நீட்டுத் தாங்கி, அதற்குள் கடுகு போல ரெசின் மணிகள். தண்ணீர் ஊடே போகும்போது மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணிகள் நிறைந்ததும் உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். பிறகு அந்த உப்புப் போக நல்ல தண்ணீரால் அலச வேண்டும். (இந்தக் கடைசி அலசலை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.) சூட்சுமம் முழுக்க சைஸில்தான். சின்னதாக எடுத்தால் விடிந்தால் பொழுதுபட்டால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிதென்றால் உப்பும் வீண், தண்ணீரும் உள்ளே தேங்கும். வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், தண்ணீரில் எவ்வளவு வன்மை. மூன்றையும் பெருக்கினால் சைஸ் வந்துவிடும்.

பெருக்கினேன். இணையத்தில் கிடைத்த அட்டவணையை எழுதியவர் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூ எடுக்காத ஊர்க்காரர் என்பதைக் கண்டுபிடித்து, ஐந்து நேரத் தொழுகைக்கும் தண்ணீரைத் தனியாகக் கூட்டினேன். இதைக் கண்டுபிடித்த பெருமையில் அன்று பகல் சாப்பாடே இறங்கவில்லை. எனக்கு மூத்தவளான ராத்தாவின் குழந்தையை அரை ஆள் என்று போட்டேன். (பிறகு அதன் துணி தோய்க்கிற தண்ணீரைப் பார்த்தபோது அது இரண்டு ஆள் என்று விளங்கியது.) உம்மா, ராத்தா, மச்சான், நான், அரைக் குழந்தை. ஆக நாலரைப் பேர்.

"சரிதானே உம்மா?" என்று கேட்டேன். உம்மா மீன் கழுவிக்கொண்டே தலையாட்டினார்.

மட்டக்களப்பு டவுன் கடைக்காரர் ஒரு அளவு பெரியதை எடுக்கச் சொன்னார். வியாபாரி அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? நான் கம்பஸில் தொழில்நுட்பம் படிக்கிறவன். அவருக்கே அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். அன்று பின்னேரம் வாப்பாவுக்குப் போன் எடுத்தபோது அவரும் அதையே சொன்னார்.

"கொஞ்சம் பெரிசா எடு மகன். ஆள் கூடினாலும் பாவிக்கலாம்."

"ஆள் எங்க வாப்பா கூடப்போற? தேவைக்குத்தான் எடுக்கணும். இது சயன்ஸ்."

மறுமுனையில் வாப்பா சிரித்தார். "ஓம் மகன். நீ படிச்சவன். நீ செல்றதுதான் சரி."

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே வெளிநாடு போனவர். இந்த வீடு அவர் கட்டியது. கட்டியது என்றால் அங்கிருந்து அனுப்பி அனுப்பிக் கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கூரை ஏறியதும் ராத்தாவின் பெயரில் எழுதி, கலியாணம் முடித்து, மச்சான் வந்து குடியேறினார். வாப்பா லீவில் வருகிற நாட்களில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார். வீட்டில் எந்த சுவிட்ச் எந்த பல்புக்கு என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

சொஃப்ட்னர் பூட்டிய கொஞ்ச நாளில் அவர் ஒரேயடியாக வந்து இறங்கினார். கம்பனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று அவருக்கு முன்னமே தெரியும். எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் போனில் அவர் சொல்ல வந்தது அதைத்தானோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம். நான் சயன்ஸ் பேசிக்கொண்டிருந்தேன்.

வந்தவரைப் பார்க்க ஊரே வரும் என்பதால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரே பெரிய தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் வைத்துச் சாப்பாடு கொடுக்க ஏற்பாடானது. அன்று காலையில் வாப்பா குளித்துவிட்டு, துவாயைத் தலையில் போட்டபடி வந்தார்.

"நுரைக்கல்லயே மகன். நான்தான் ஏதும் பிழையாத் திறந்திட்டனா?"

மணிகள் நிறைந்துவிட்டன. அவர் வந்த நாளிலிருந்து தண்ணீர்ச் செலவு கூடிவிட்டது. நான் போட்டிருந்த கணக்கின்படி அடுத்த வாரம்தான் கழுவ வேண்டும். பேசாமல் விட்டிருந்தால் விருந்தாளிகளின் கையில் சவர்க்காரம் நுரைக்காமல் போயிருக்கும், ஆருக்கும் தெரிந்துமிருக்காது. ஆனால் நான் ஒரு கிழமையாக ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். "சர்பத்தும் இந்தத் தண்ணியிலதான்" என்று ராத்தாவுக்குக் கட்டளையும் போட்டிருந்தேன்.

ஜும்ஆ முடிந்து வந்த கையோடு உப்புக் கழுவலைத் தொடங்கினேன். கழுவும்போது வீட்டுப் பைப்புகளில் தண்ணீர் வராது. முன்னால் பாய் விரிக்கிறார்கள், பின்னால் உப்பு ஓடுகிறது, நடுவில் மாமா குசினியிலிருந்து கத்துகிறார். (மாமா உம்மாவின் தம்பி. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.)

"டேய், தண்ணி வருகுதில்ல. சனம் வந்திட்டு. என்னத்தடா புடுங்கி வெச்சிரிக்காய்?"

பதறிப்போய் சொஃப்ட்னரின் கைப்பிடியை வீட்டுப் பைப் பக்கம் திருப்பிவிட்டேன். அலசல் நடக்கவே இல்லை. தாங்கியில் நின்ற உப்புத் தண்ணீர் அப்படியே குசினிக்குப் போனது. குசினியில் ராத்தா சர்பத்துக்கு ரோஸ் பாணியும் கசகசாவும் போட்டு வாளியோடு காத்திருந்தாள்.

முதல் கிளாஸ் மச்சானின் உம்மாவுக்கு. மாமி ஒரு மிடறு குடித்தார். கிளாஸைத் தள்ளிப் பிடித்து நிறத்தைப் பார்த்தார்.

"உப்பும் சீனியும் கரைச்சிரிக்கி. ஆருக்கு மக்காள் வயித்தோட்டம்?" என்றார்.

அதற்குள் ஆண்கள் பக்கத்துக்கும் தட்டம் போயிருந்தது. மாமா குடித்த வேகத்தில் வாசலுக்கு ஓடினார். "வாவிட உப்புத் தண்ணியிலயா கரைச்ச?" என்று யாரோ கேட்டார்கள். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு, வாளியைக் கவிழ்த்து, போத்தல் சோடா வாங்க ஓடியிருக்கலாம். புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்திருப்பான். நான் விளக்கம் சொன்னேன்.

மெஷினில் பிழையில்லை, சைஸ் கணக்கிலும் பிழையில்லை, கணக்குக்கு மேல் ஆள் வந்ததுதான் பிழை என்று, அத்தனை சனத்துக்கும் முன்னால், கையை வீசிவீசிச் சொன்னேன். வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பேசுகிற சயன்ஸைக் கேட்க அவருக்குச் சந்தோசம். பக்கத்தில் இருந்தவருக்கும் பெருமையாகக் கண்ணைக் காட்டினார்.

"எத்தின பேருக்குக் கணக்குப் போட்ட மகன்?"

"நாலரைப் பேருக்கு வாப்பா."

"செல்லு பாப்பம்." விரலை விரித்துவைத்துக்கொண்டார்.

"உம்மா. ராத்தா. மச்சான். நான். சின்னவ அரை."

வாப்பா ஒவ்வொரு விரலாக மடித்தார். கடைசி விரலைப் பாதி மடித்து, அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மறுகா?"

"மறுகா... அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. பாயில் இருந்த எல்லோருக்கும் அதற்கு முன்பே கேட்டுவிட்டது. உள்ளே உம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

வாப்பா அந்த அரை விரலைப் பார்த்தார். "சின்னவளுக்கு அரை. சரி. எனக்கு ஒரு காலாவது போட்டிருக்கலாமே மனே."

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு முழு வீடும் சிரித்தது. வாப்பாவும் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. சிரித்துக்கொண்டே கையிலிருந்த சர்பத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். மற்ற எல்லோரும் கீழே வைத்துவிட்ட சர்பத்தை. வெற்றுக் கிளாஸை என்னிடம் நீட்டி, "நல்லாத்தான் இரிக்கி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது பங்கு வைத்தாலும் இந்தக் கதைதான். வட்டிலப்பம் வெட்டினால், வேனுக்கு ஆள் பிடித்தால், "வாப்பாவச் சேத்தா, சேக்காமலா?" என்று மாமா கேட்பார். மாமி வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வேண்டாம் என்பார். என்னை ஊரில் 'நாலரை' என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வாப்பா சிரிக்கிறார்.

ஆனால் மறுநாள் தொடங்கி அவர் கிணற்றடியில்தான் குளிக்கிறார். வாளியால் அள்ளி, நுரைக்காத சவர்க்காரத்தைத் தேய்த்து. ஒளூவும் அங்கேதான். உள்ளே வரச் சொன்னால், "எனக்கு இதுதான் பழக்கம்" என்பார். கத்தாரில் இத்தனை காலம் அவர் எந்தக் கிணற்றில் அள்ளிக் குளித்தார் என்று நான் கேட்கவில்லை. உம்மா ஒருநாள், கேத்தலைக் கழுவிக்கொண்டே, தன்பாட்டில் சொன்னார்: "நீ சரிதானே எண்டு கேட்ட நேரம், எனக்கும் வெளங்கல்ல."

கேத்தல் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. மெஷின் நான் போட்ட கணக்குப்படியே, சொன்ன நாளுக்குச் சொன்ன நாள் கழுவக் கேட்கிறது. நாலரைப் பேருக்கு அளவான சைஸ். இப்படி ஒரு கணக்குச் சரிவந்ததற்காக என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

இதை மாற்றிப் பெரிதாக ஒன்று எடுக்கப் போகிறேன். கிணற்றடிக்கும் பைப் இழுக்க அளந்துவைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை வாப்பாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போவேன். கடைக்காரர் வழக்கம்போல முதலில் "வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்பார். இந்தமுறை நான் வாயைத் திறக்க மாட்டேன். வாப்பா சொல்லட்டும். அவர் தன்னைச் சேர்த்துச் சொல்வாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.