மூன்று கொடிகளும் ஒரு கேக்கும்

"கொடியை யாரைக் கேட்டு நட்டீங்க மாஸ்டர்?"

ஓட்டல் மேலாளர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். கேக் மாஸ்டரின் கையிலிருந்த கிரீம் பை நழுவியது.

"சும்மா அழகுக்கு நட்டேன் சார்."

"உங்க அழகை யாரோ எட்டிப் பார்த்துட்டுப் போய்ச் சொல்லி, மாடியில பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. விருந்து கலைஞ்சா நாளையிலேருந்து நீங்க உங்க வீட்டு அடுப்புலதான் கேக் சுடணும்."

விஷயம் இதுதான். பல நூறு ஆண்டுகளாகக் கடலடியில் கேட்பாரற்றுக் கிடந்த கப்பல் ஒன்று அகப்பட்டது. மறுநாளே அதற்கு மூன்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். கட்டியது நாங்கள் என்றது ஒரு நாடு. ஏற்றிய சரக்கு எங்கள் அரசருடையது என்றது இன்னொன்று. மூழ்கியது எங்கள் கடலில் என்றது ஒரு தீவு. பங்கு பேச இந்த ஓட்டலுக்கு வந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூடக் கடலில் கால் நனைத்ததில்லை. கரையில் நின்றபடி ஆழத்து மீனுக்கு விலை பேசுகிற வகையறா.

மாஸ்டர்தான் பாவம், முக்குளிப்பவர்கள் எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அச்சு அசலாக அதே கப்பலைக் கேக்கில் செய்திருந்தார். வளைந்த மூக்கு, உடைந்த சுக்கான், இரண்டே இரண்டு பாய்மரம். முன்மரத்தில், கப்பலைக் கட்டிய நாட்டின் கொடி. அங்கேதான் சனி பிடித்தது.

கொடியைப் பிடுங்கினார். வியர்வையைத் துடைப்பதற்குள் சரக்கு நாட்டுச் செயலாளர் உள்ளே வந்தார்.

"கொடி இல்லாம போறது கொள்ளைக்காரன் கப்பல். எங்க ராஜா சரக்கு திருட்டுக் கப்பல்லயா போச்சு?"

மாஸ்டர் பிடுங்கிய கொடியைத் திரும்ப எடுத்தார். முன்மரத்தில் ஒன்று, பின்மரத்தில் ஒன்று என்று இருவர் கொடியையும் நட்டார். செயலாளர் தலையாட்டிக்கொண்டு போன வழியிலேயே தீவுக்காரர் வந்தார்.

"எங்க கொடி?"

"மரம் ரெண்டுதாங்க இருக்கு. உங்களுதைப் பின்பக்க ஓரத்துல அழகா குத்திடறேன்."

"ஓரத்துலயா? நாங்க என்ன இவங்களுக்கு வால் பிடிக்க வந்தோமா? நான் கையெழுத்துப் போடல."

மாஸ்டருக்கு வீட்டு அடுப்பு கண்முன் எரிந்தது. கண்ணில் பட்டது பெரிய மரக்கரண்டி ஒன்றுதான். அதைத் தலைகீழாகத் திருப்பி, சர்க்கரை மாவு பூசி, கப்பலின் நடுவில் செருகி, உச்சியில் தீவின் கொடியைக் கட்டினார். மூன்றிலும் அதுதான் கம்பீரமாக நின்றது.

பாத்திரம் கழுவும் அக்கா எட்டிப் பார்த்தாள். "பெரிய மரக்கரண்டியக் காணோமே மாஸ்டர். ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும்."

"விருந்து முடியட்டும் அக்கா. உயிர் போற நேரத்துல கரண்டி கேக்குறியே."

கேக் மேலே போனது. மாஸ்டர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். முதலில் நாற்காலிகள் நகரும் சத்தம். பிறகு கைத்தட்டல். அவருக்குத் திட்டு வாங்கிப் பழக்கமுண்டு. இது புதிது, பயமாக இருந்தது.

மேலாளர் இறங்கி வந்தார். பேயறைந்த முகம்.

"மாஸ்டர், கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"யாரு?"

"மூணு பேரும். கேக்கைச் சுத்திச் சுத்தி வந்தாங்க, காதுல குசுகுசுன்னாங்க, பேனாவை எடுத்துட்டாங்க. இனி ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாதாம். நாளையிலேருந்து நீங்கதான் தலைமைச் சமையல்காரர்."

மாஸ்டர் பொத்தென்று மாவு மூட்டையில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் கோத்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"எதைப் பார்த்து சார் சமாதானமானாங்க?"

அப்போது அக்கா வெறுங்கையோடு படியிறங்கி வந்தாள்.

"கேக்குல நிக்கிற கரண்டியக் கேட்டா தரமாட்டேங்கிறாங்க மாஸ்டர். கப்பல்ல ஆளுக்கொரு பாய்மரம்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டாங்களாம்; நடு மரம் தீவுக்காரங்க பங்காம்."